சாம்பிராணி வார்த்த டிரான்ஸ்ஃபார்மர்

வீட்டிலேயே வால்வு ஆம்பிளிஃபையர் கட்டும் நீங்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, விலையும் கட்டுப்படியாகணும், பாட்டும் கெடக்கூடாது. எந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். பிறகு நன்றாகச் சூடாக்கி மோந்து பாருங்கள். தூக்கிப் பார்க்கச் சொன்னால் தலையாட்டுகிறீர்கள். மோந்து பார்க்கச் சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். ஆகவே காரணத்தை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் காலத்தைச் சரியாக வைத்துக்கொள்வோம். பதுளைக்கு ரயில் வந்தது 1924-ஆம் ஆண்டு. நான் சொல்லப்போவது அதற்குப் பிந்தியது, ஏனென்றால் இந்தக் கதையில் வரும் ஒலிபெருக்கி கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது. இருபதுகள் முடிவதற்கு முந்தியது, ஏனென்றால் அப்போது எங்கள் முதலாளிக்கு மீசை இருந்தது. அவர் மீசையை எடுத்தது முப்பது பிறந்ததுமே. மாதம் மாசி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தோட்டத்து மாரியம்மன் திருவிழா அல்லவா.

எங்கள் கடை பதுளை பஜாரில் இருந்தது. முன்பாதியில் பூசைச் சாமான்: சூடம், சாம்பிராணி, குங்குமம், திரிநூல். அது முதலாளியின் தகப்பனார் வைத்தது. பின்பாதியில் கிராமபோன் பழுது பார்ப்போம். பிறகு ரேடியோவும் சேர்ந்துகொண்டது. அது முதலாளியின் ஆசை. நான் பின்பாதி ஆள். வாடிக்கையாளர்கள் சாம்பிராணி மூட்டைகளைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். வந்து சேரும்போது பாதிப் பேருக்குக் கோபம் தணிந்திருக்கும்.

ஒரு நாள் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெரிய கங்காணி வந்தார். தோட்டத்தின் பேர் வேண்டாம், அவர் பேரப் பிள்ளைகள் இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள். தொழிலாளர்களுக்கெல்லாம் மேலே நின்று அதிகாரம் பண்ணுகிறவர். கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன்.

"திருவிழாவுக்குப் பாட்டுப் பெட்டி வேணும்" என்றார். "சும்மா கிராமபோன் வேணாம். அதைக் கிட்டக்க நின்னு கேக்குறவன்தான் கேப்பான். அடுத்த டிவிசன் வரைக்கும் கேக்கணும். அந்த டிவிசன் கங்காணி சோத்துல கை வைக்கிறப்ப அவன் காதுல விழணும்." தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் டிவிசன் என்பார்கள்.

"விழ வச்சிரலாங்க" என்றார் முதலாளி. அவருக்கு 'முடியாது' என்ற வார்த்தை வாயில் வராது. அது என் பங்குக்கு விடப்பட்டிருந்தது.

ஆம்பிளிஃபையர் கட்டுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வால்வு தருவது ஒல்லியான, முறுக்கேறிய மின்சாரம். ஒலிபெருக்கி கேட்பது தடித்த, நிதானமான மின்சாரம். இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுக்கிறவர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். தரகர் என்று வையுங்கள். தரகர் நோஞ்சானாக இருந்தால் இரண்டு தரப்பும் அவரைப் பிழிந்துவிடும்.

எங்கள் முன் இரண்டு வழி இருந்தது. கொழும்புக் கடையொன்று நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பார்வைக்கு அனுப்பியிருந்தது. முதலாளி அதைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"என்னப்பா இது, அம்மிக்கல்லுல பாதி இருக்கு. நாம பாட்டுப் போடப் போறோமா, மசாலா அரைக்கப் போறோமா?"

"இரும்பு நிறைய இருந்தாத்தான் முதலாளி..."

"இரும்புக்கு நான் கொல்லன்கிட்டப் போவேன்."

அது வந்த ரயிலிலேயே திரும்பிப் போனது. இரண்டாவது வழி, நாமே சுற்றுவது. உடைந்த பழைய சாமான் ஒன்றிலிருந்து இரும்புத் தகடுகள் கிடைத்தன. வேண்டியதில் பாதி அளவு. மெல்லிய செம்புக் கம்பியை நானே சுற்றினேன். பார்க்க லட்சணமாக இருந்தது, உள்ளங்கையில் அடங்கியது. ஓட்டிப் பார்த்தோம். ஒலிபெருக்கி பாடியது, டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே பாடியது. தகடுகள் இறுக்கமாக இல்லாவிட்டால் அவை அதிர்ந்து தனியாக ஒரு 'ஞொய்' என்ற சத்தம் எழுப்பும். பக்கவாத்தியம் வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

தகடுகளின் இடுக்கில் மெழுகு வார்த்தால் சத்தம் அடங்கும். நல்ல மெழுகு வாங்கக் கொழும்புக்கு எழுத வேண்டும் என்றேன். முதலாளி முன்பாதிக்குப் போய் ஒரு கை நிறைய சாம்பிராணிக் கட்டியோடு வந்தார்.

"இதை உருக்கி ஊத்து. ஆறினா கல்லு மாதிரி நிக்கும்."

"சூடானா உருகுமே முதலாளி."

"மெழுகு மட்டும் உருகாதா? இது உருகினா வாசமாவது வரும்."

நானும் யோசித்துப் பார்த்தேன். அதுவும் சரியென்றே பட்டது. உருக்கி ஊற்றினோம். 'ஞொய்' நின்றது. காலையில் கடை திறந்ததும் அரை மணி நேரம் ஓட்டிச் சோதித்தோம், லேசான வெதுவெதுப்புத்தான். மாசி மாதப் பதுளைக் காலையில் எதுதான் சூடாகும்? எங்கள் மூக்குநுனி கூடச் சில்லிட்டுத்தான் இருந்தது. இதை நினைவில் வையுங்கள். சோதனை என்பது பொருள் வேலை செய்யப்போகிற இடத்தின் வெயிலில் செய்ய வேண்டியது, நமக்கு வசதியான குளிரில் அல்ல.

அடுத்த சிக்கல் வால்வு. சோதனைக்கு மாட்டியிருந்தது பழுதுக்கு வந்த ரேடியோ ஒன்றின் வால்வு, அதன் சொந்தக்காரர் வாங்கிப் போய்விட்டார். எங்களுக்கென்று கொழும்பிலிருந்து வந்த பவர் வால்வு பொட்டலத்துக்குள்ளேயே நொறுங்கியிருந்தது. திருவிழாவோ மறுநாள். கங்காணி அசரவில்லை. "எங்க தொரை பங்களா ரேடியோவுல அந்த மாதிரி ஒண்ணு எரியுதுன்னு அப்பு சொல்லியிருக்கான்" என்றார்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பொறுப்பானவரைத் தோட்டங்களில் அப்பு என்பார்கள். இந்த அப்பு ஒடிசலான மனிதர். துரை வெந்நீர் கேட்டாலே கை நடுங்குகிறவர். துரை குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியா போயிருந்தார், திருவிழாவுக்கு மறுநாள்தான் வருவார். கங்காணி கேட்டு மறுக்க அப்புவுக்குத் துணிச்சல் இல்லை. பங்களாப் பின்வாசலில் வால்வை என் கையில் வைத்தபோது பிள்ளையைக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

"தம்பி, இது போச்சுன்னா என் வேலை போச்சு. போன அப்புவை ஒரு தேத்தண்ணிக் கோப்பை உடைச்சதுக்கே மூட்டையைக் கட்டச் சொன்னவரு இந்தத் தொரை. எனக்கு ஆறு புள்ளைங்க."

"ஒண்ணும் ஆகாதுண்ணே. பாட்டு முடிஞ்சதும் நானே கொண்டுவந்து மாட்டிருவேன்."

கோயில் தேயிலை ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. மலையிலிருந்து விழும் தண்ணீரில் சுற்றும் சக்கரம் ஃபேக்டரிக்கு மின்சாரம் தந்தது. அங்கிருந்து கம்பி இழுத்தோம். இழுப்பதற்கு முன் ஃபேக்டரி ஆட்கள் தேங்காய் உடைக்கச் சொன்னார்கள். தோட்டத்தில் ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் ஒரு சாமி உண்டு, ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். யந்திரம் யாருடைய கையையும் இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மின்சாரம் அவர் சக்கரத்தில் பிறப்பதால் அவரிடம் சொல்லாமல் எடுப்பது முறையல்ல என்றார்கள். உடைத்தோம்.

ஆம்பிளிஃபையர் பெட்டியை மரநிழலில் காற்றாட வைக்க நினைத்தேன். கங்காணி கேட்கவில்லை. வெயில் நேரே விழும் கோயில் முற்றத்தில், அம்மனுக்கு வலப்பக்கம் வைக்கச் சொன்னார். வைத்ததும் அதற்குச் சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். கடைசியாக ஒரு சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தினார்கள்.

"ஐயா, பெட்டிக்குக் காத்துப் போகணும்" என்றேன்.

"எல்லாச் சாமிக்கும் பட்டுத்தான் சாத்துறோம். எந்தச் சாமியும் காத்துக் கேக்கல" என்றார் கங்காணி.

கிராமபோனைப் பெட்டியோடு இணைத்து இசைத்தட்டைச் சுற்றவிட்டேன். அம்மன் பாட்டு மலையில் மோதித் திரும்பி வந்தது. கொழுந்துக் கூடையைக் கூட இறக்காமல் பெண்கள் நின்றுவிட்டார்கள். கங்காணி அடுத்த டிவிசன் பக்கம் பார்த்து மீசையை முறுக்கினார். நான்கு தட்டுகள் ஓடின. ஐந்தாவது தட்டின் நடுவே பட்டுத் துணியின் மடிப்பிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே சாம்பிராணி இளகிக் கம்பிச் சுருளின் மேல் கருகுகிறது. இன்னும் கொஞ்சம் போனால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் வால்வு செத்துவிடும். துரையின் வால்வு.

கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது, வேறு விதமாக. கமகமவென்று சாம்பிராணி வாசம். யாரும் கொளுத்தவில்லை. பெட்டி தானாகவே புகைக்கிறது.

"தாயே!" என்று ஒரு குரல். "மாரியாத்தா பொட்டிக்குள்ள எறங்கிட்டா!"

குலவைச் சத்தம் கிளம்பியது. பூசாரி உடம்பு முறுக்கி ஆட ஆரம்பித்தார். இசைத்தட்டு முடியட்டும், நைசாக அணைத்துவிடலாம் என்று பெட்டி அருகே போனேன். தட்டு முடிந்தது. ஆனால் ஊசி கடைசிக் கோட்டிலேயே நின்று உரச, ஒலிபெருக்கி அதைப் பெருக்கி, 'ஹ்ர்ர்ர்... ஹ்ர்ர்ர்...' என்று சீராக ஒரு சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் கப்பென்று அடங்கியது.

"அம்மா மூச்சு விடுறா" என்றார் பூசாரி.

பெட்டியின் பித்தானை நோக்கி நீண்ட என் கையைக் கங்காணி பிடித்துக்கொண்டார். "என்னடா பண்ணப் போற?"

"அணைக்கணுங்கய்யா. உள்ள தீயுது."

"அம்மா மூச்சை நிறுத்தப் போறியா? கை இருக்காது, பாத்துக்க."

தம்பிகளே, நாம் படிக்கும் எந்தப் புத்தகத்திலும் இதற்கு வழி எழுதவில்லை. கிராமபோனுக்குக் கொடுத்த முறுக்கு இறங்கினால் சத்தமாவது நிற்கும் என்று காத்திருந்தேன். முறுக்கு இறங்க இறங்கச் சத்தம் நீண்டு இழுத்தது. 'ஹ்ர்ர்ர்ர்ர்... ஹ்ர்ர்ர்ர்ர்ர்ர்...' "ஐயோ, ஆத்தாளுக்கு இழுக்குது!" என்று பெண்கள் அலறினார்கள். கங்காணியே பாய்ந்து போய்க் கைப்பிடியைச் சுற்றி முறுக்கேற்றினார். மூச்சு மறுபடி சீரானது. ஒருவர் பெட்டியைக் குளிர்விக்க மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். நான் குறுக்கே விழுந்து நனைந்தேன்.

அப்போது அப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் காதருகே குனிந்தார்.

"தம்பி, புகை வருதே. வால்வு?"

"இன்னும் கொஞ்ச நேரந்தாண்ணே தாங்கும்."

அவ்வளவுதான். அப்புவின் முகம் வெளுத்தது. உதடு துடித்தது. பிறகு கை, பிறகு தோள், பிறகு முழங்கால் என்று உடம்பு முழுவதும் உதறியது. முழுக்க முழுக்கப் பயம். ஆறு பிள்ளைகளோடு மூட்டை கட்டிக்கொண்டு நடக்கும் காட்சி அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியிருக்க வேண்டும்.

பக்கத்தில் நின்றவர் விலகினார். "இந்தாளுக்கும் வந்திருச்சு! யாரு வந்திருக்கிறது?"

இங்கேதான் எனக்கு என் வாழ்நாளின் ஒரே ஒரு நல்ல யோசனை வந்தது. ஃபேக்டரியிலிருந்து வரும் கம்பியைப் பார்த்தேன். உதறும் அப்புவைப் பார்த்தேன். என் குரல் எனக்கே தெரியாமல் கிளம்பியது.

"ரோதைமுனி வந்திருக்காருங்க!"

அப்பு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் உதறல் நிற்கவில்லை, நிறுத்த அவரால் முடியவும் இல்லை. கங்காணி தலைப்பாகையைக் கழற்றிவிட்டார்.

பூசாரி ஆட்டத்தை நிறுத்தாமலே அம்மனாகக் கேட்டார். "முனி, ஏண்டா எங்கோயில் வாசலுக்கு வந்த?"

அப்பு எச்சிலை விழுங்கினார். "மெஷினு... மெஷினு சூடாயிருச்சு தாயே."

"அதுக்கு?"

"அணைக்கணும். ஆறணும்."

கூட்டத்தில் பாதிப்பேர் ஃபேக்டரி ஆட்கள். அவர்களுக்கு இது சாமி வாக்கு மட்டுமல்ல, தினம் செய்யும் வேலை. "சரிதானே, சூடேறினா நிறுத்தித்தானே ஆகணும்" என்றார் ஒருவர். "கரண்டு அவரு சக்கரத்துலருந்துதானே வருது, அவரு சொல்றதுதான் சட்டம்" என்றார் இன்னொருவர்.

கங்காணிக்கு மட்டும் சந்தேகம். "சாமி, அணைச்சா அம்மா மூச்சு என்னாகும்?"

அப்பு ஒரு கணம் தடுமாறினார். பிறகு துரைக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் தானாகப் பேசியது. "அம்மா மூச்சு அம்மாகிட்டப் பத்திரமா இருக்கு. இது பொட்டி மூச்சு."

பூசாரி ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். அவருக்கும் களைத்திருக்கும். "அணைங்க" என்றார்.

அணைத்தேன். துணியை இழுத்து எறிந்து, என் மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வால்வைப் பிடுங்கினேன். அடிப்பாகம் முழுக்கச் சாம்பிராணி ஒட்டியிருந்தது. கண்ணாடி முழுசாக இருந்தது.

ஆனால் வந்த சாமியை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் தோட்டத்தில் இல்லை. முனிக்குச் சாராயம் வைத்தார்கள். அப்பு வாழ்நாளில் தொட்டதில்லை, கூட்டம் சுற்றி நின்றதால் குடித்தார். சுருட்டு வைத்தார்கள், இருமிக்கொண்டே இழுத்தார். கடைசியாக மாலை போட்ட சேவல் ஒன்றைக் கையில் கொடுத்து வழிவிட்டார்கள்.

பங்களாவுக்கு ஏறும் படிகளில் நான் வால்வோடு முன்னே, அவர் சேவலோடு பின்னே. பாதி வழியில் கார் சத்தம் கேட்டது. துரை ஒரு நாள் முன்னதாகவே வந்துகொண்டிருந்தார். குதிரைகள் அவரைக் கைவிட்டிருக்க வேண்டும்.

நான் பின்வாசலால் ஓடி ஹாலில் ரேடியோவின் முதுகைத் திறந்தேன். முன்வாசலில் அப்பு துரையை எதிர்கொண்டார். நான் கேட்டது இது.

"அப்பு, என்னா அது?"

"கோழிங்க தொரை."

"கோழிக்கு ஏன் மாலை?"

"நல்ல கோழிங்க தொரை."

அதற்குள் வால்வை மாட்டி முதுகை மூடிவிட்டேன். துரை உள்ளே வந்து என்னைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீரில் நனைந்த ஓர் ஆள் அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

"இது ஆரு?"

"ரேடியோவைத் துடைச்சுக் குடுக்கப் பதுளையிலருந்து வந்திருக்காருங்க" என்றார் அப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு.

துரை ரேடியோவைத் திருகினார். வால்வு சூடாக எடுக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். அன்று அது எடுத்த நேரத்தில் நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளுக்கு வந்திருந்தேன். பிறகு ஒரு கரகரப்பு, அதன் பின்னாலேயே ஆங்கிலப் பாட்டு ஒன்று தெளிவாக வந்தது. அதோடு சாம்பிராணி வாசமும் வந்தது. துரை மூக்கை உறிஞ்சினார்.

"அப்பு, என்னா வாசம்?"

"கோழிக்கு மசாலாங்க தொரை."

துரை தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அன்று இராச்சாப்பாட்டுக்கு என்ன என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

மறுவாரமே முதலாளி கொழும்புக்கு எழுதி, திருப்பி அனுப்பிய அந்த அரை அம்மியை வரவழைத்தார். விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. மலிவு என்பதை நான் அதன்பிறகு இப்படித்தான் கணக்குப் பார்க்கிறேன்: பொருளுக்குக் கொடுத்தது, அதோடு அது கெட்டால் யாருடைய வேலை போகும் என்பது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கனமான இரும்பு எப்போதும் மலிவாகவே வருகிறது. இன்னொன்று, பெட்டியை ஓட்டுவதற்கு முன்பே, அதை அணைக்கும் அதிகாரம் அந்த இடத்தில் யாருக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பித்தான் நம் பெட்டியில் இருப்பதால் அதிகாரமும் நம்மிடம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கும் கங்காணி வந்தார். புது டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினேன். நாள் முழுக்க ஓடினாலும் சூடேறாது என்றேன்.

"புகை?"

"வராதுங்கய்யா."

"வாசம்?"

"அதுவும் வராது."

அவர் முகம் விழுந்துவிட்டது. "போன வருசத்துப் பொட்டியே இருந்தாக் குடுங்க" என்றார். ஒருவழியாகப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். திருவிழா அன்று பெட்டிக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு சாம்பிராணித் தட்டை மறைவாக வைத்தேன். புகை அதன் பாட்டுக்கு வந்தது. பாட்டு அதன் பாட்டுக்கு வந்தது. டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

கூட்டம் மட்டும் எதற்கோ காத்திருந்தது. கங்காணி சேவலை மாலையோடு தயாராக வைத்திருந்தார், எல்லோர் கண்ணும் அப்புவின் மேல். அப்பு சங்கடமாக நெளிந்துகொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்தத் தடவை வால்வு யாரோடது?"

"எங்க கடையோடதுதாண்ணே."

அப்பு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுவிட்டுக் கங்காணி பக்கம் திரும்பிச் சொன்னார். "இந்த வருசம் சாமி வராதுங்க. கோழியைக் கொளம்பு வச்சிருங்க."